செருப்பு வாரின் ஓரம்

செருப்பு வார் ஓரத்தில் ஏன் பிசிறு விடுகிறது? வெட்டிய இடத்தில் தோலின் நார்கள் வாய்திறந்து நிற்கின்றன. வியர்வையும் புழுதியும் அந்த வழியாகத்தான் இறங்கும்.

அந்த நார்கள் எவ்வளவு படியும் என்பது தோலைப் பதனிட்ட விதத்தைப் பொறுத்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழிக் காடுகளில் மஞ்சளாய்ப் பூக்கும் ஆவாரையின் பட்டையில் பதனிட்ட தோல்தான், 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து 'ஈஸ்ட் இந்தியா' தோலாக இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. பட்டையில் பதனிட்ட தோலின் ஓரம் தேய்க்கத் தேய்க்க மின்னும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் அவ்வளவு இணங்காது.

இருபக்க விளிம்பையும் லேசாகச் சீவி, உப்புத்தாளால் தேயுங்கள். ஓரத்தை மட்டும் ஈரத்துணியால் தொட்டு, வழவழப்பான மரக்கட்டையால் சூடேறும்வரை அழுத்தித் தேயுங்கள். நார்கள் படிந்து, விளிம்பு கருத்துப் பளபளக்கும். தண்ணீர் கூடினால் ஓரம் நொதநொதத்து நசுங்கிவிடும், கவனம். கடைசியாகத் தேன்மெழுகு. தேய்க்காமல் பெயிண்டை மட்டும் பூசினால், வார் வளையும் இடத்தில் வெடித்து உரிந்துவிடும்.