சாவான பாவத்தோடு செய்யும் செபம் கடவுளிடம் போய்ச் சேருமா?

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகப் பேச்சைக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் நேரா விஷயத்துக்கே போயிடலாம்.

ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். பெயர், ஊர் எதுவும் வேண்டாம். அவருடைய அனுமதியோட சுருக்கமா மட்டும் சொல்றேன். வேலைக்காக வீட்டை விட்டு வெளியூர்ல இருக்கார். பாவசங்கீர்த்தனம் செஞ்சு இரண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. தன் வாழ்க்கையில ஒரு பெரிய பாவம் இருக்குன்னு அவருக்கே தெரியும், ஆனா அதை விட முடியலை. இப்போ ஊர்ல அம்மாவுக்கு ஆபரேஷன். ராத்திரி முழங்கால் போட்டா வார்த்தை வரமாட்டேங்குதாம். இந்த நிலைமையில நான் கேட்டா அது அம்மாவுக்கு எதிராப் போயிடுமோ, பேசாம நான் செபிக்காமலே இருந்துடலாமான்னு கேட்கிறார்.

எனக்கு இறையியல் பட்டம் கிடையாது. படிச்சது இன்ஜினியரிங், வேலை சாஃப்ட்வேர். ஆனா இந்தக் கேள்விக்குத் திருச்சபையில தெளிவான, பழைய பதில் ஒண்ணு இருக்கு. நம்மில் நிறைய பேருக்கு அது மறைக்கல்வி வகுப்புல வந்து சேரவே இல்லை. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

முதல்ல: எது சாவான பாவம்?

இதை வேகமா முடிச்சிடலாம். மூணு நிபந்தனை. விஷயம் கனமானதா இருக்கணும். அது கனமானதுன்னு முழுசாத் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சும் மனசார சம்மதிச்சுச் செஞ்சிருக்கணும். மூணும் சேர்ந்தாதான் சாவான பாவம். ஒண்ணு குறைஞ்சா கணக்கு மாறும். பழக்கத்துக்கு அடிமையாகிற நிலை, பயம், கட்டாயம் இதெல்லாம் சம்மதத்தோட அளவைக் குறைக்கலாம். அதனால கூகுள்ல தேடி நமக்கு நாமே தீர்ப்பு எழுதிக்காம, ஒரு குருவானவர்கிட்ட பேசுறது நல்லது. எல்லாத்துலயும் பாவம் பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெடுறவங்களுக்கு இது இன்னும் அவசியம்.

இன்னைக்கு நம்ம கேள்விக்கு, மூணு நிபந்தனையும் நிறைவேறிடுச்சுன்னே வச்சுக்குவோம். மிக மோசமான நிலைமையில பதில் என்னன்னு பார்ப்போம்.

நம்மைப் பயமுறுத்தும் வசனங்கள்

இந்தப் பயம் சும்மா வரலை. யோவான் நற்செய்தி 9-ஆம் அதிகாரத்துல, பாவிகளுக்குக் கடவுள் செவிசாய்ப்பதில்லைங்கிற கருத்து அப்படியே வருது. எசாயா முதல் அதிகாரத்துல, நீங்க எவ்வளவு மன்றாடினாலும் கேட்கமாட்டேன், உங்க கைகள்ல இரத்தம் இருக்குன்னு கடவுள் சொல்றார். திருப்பாடல் 66-லயும், நெஞ்சுல தீமையை வளர்த்திருந்தா ஆண்டவர் கேட்டிருக்கமாட்டார்னு வருது.

ஒவ்வொண்ணாப் பார்ப்போம். யோவான்ல அந்த வார்த்தையைச் சொல்றது யார்? இயேசு இல்லை. பார்வை கிடைச்ச அந்த மனுஷன், தன்னை விசாரிக்கிறவங்க கிட்ட வாதாடும்போது சொல்றது. இயேசு பாவி இல்லைன்னு நிரூபிக்க அவருக்குக் கிடைச்ச வாதம் அது. புனித அகுஸ்தினார் இதைக் கவனிச்சிருக்கார். அந்த ஆளுக்குக் கண் திறந்துடுச்சு, ஆனா உள்ளத்துல வெளிச்சம் இன்னும் முழுசா வரலை, அந்த நிலையில பேசினதுன்னு விளக்குறார். அதுக்கு எதிர்ச்சாட்சியா அவர் காட்டுறது லூக்கா 18-ல வரும் வரிதண்டுபவர். பாவிகளைக் கடவுள் கேட்கவே மாட்டார்னா, தூரமா நின்னு மார்பில் அடிச்சுக்கிட்டுப் பாவி என்மேல் இரங்கும்னு கேட்ட அந்த ஆள் எப்படிக் கடவுளுக்கு ஏற்புடையவரா வீடு திரும்பினார்?

எசாயாவுல மூணே வசனம் தள்ளிப் படிங்க. அதே கடவுள், வாங்க பேசித் தீர்த்துக்குவோம், உங்க பாவம் செக்கச்செவேல்னு இருந்தாலும் வெளுத்துப் போகும்னு கூப்பிடுறார். கதவைச் சாத்துறவர் அப்படிக் கூப்பிட மாட்டார். அங்கே அவர் வெறுக்கிறது, ஏழைகளையும் அநாதைகளையும் நசுக்கிக்கிட்டே, அதை மாத்தும் எண்ணமே இல்லாம, கோவில்ல கை விரிச்சு நிற்கிற நடிப்பை. திருப்பாடல் சொல்றதும் அதேதான். பாவத்தைச் சுமந்துக்கிட்டு வர்றது வேற. அதை மடியில வச்சுத் தாலாட்டிக்கிட்டு, அதுக்கே ஆசீர்வாதமும் கேட்கிறது வேற.

கூலியும் யாசகமும்

13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவைனஸ் தன்னுடைய பெரிய இறையியல் தொகுப்பில் இந்தக் கேள்வியைத் தனித் தலைப்பாகவே எடுக்கிறார். இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதி, 83-ஆம் கேள்வி, 16-ஆவது பிரிவு. பாவிகள் தங்கள் செபத்தால் கடவுளிடமிருந்து எதையாவது பெறுவார்களா என்பதுதான் கேள்வி.

அவர் இரண்டு விஷயங்களைப் பிரிக்கிறார். ஒன்று பேறுபலன். இது நீதியைச் சார்ந்தது. இறையருளில் இருக்கிறவர் அன்பால் செய்யும் செயலுக்குக் கடவுள் வாக்களித்திருக்கும் பலன். இன்னொன்று வேண்டிப் பெறுதல். இது முழுக்க இரக்கத்தைச் சார்ந்தது.

நம்ம பாஷையில சொன்னா, வேலையை விட்டு நின்னவர் அடுத்த மாசச் சம்பளம் கேட்க முடியாது. ஆனா அதே ஆள் வெயில்ல மயங்கி விழுந்தா, பக்கத்துல இருக்கிறவர்கிட்ட தண்ணி கேட்கலாம். தண்ணி கேட்க ஐடி கார்டு வேண்டாம். அவர் கொடுக்கிறது, இவர் தகுதிக்காக இல்லை, தன் மனசுக்காக.

சாவான பாவம் இறையருளை இழக்க வைக்கிறதால, அந்த நிலையில செய்ற செபத்துக்குப் பேறுபலன் கிடையாது. ஆனா யாசகம் கேட்கிற வாசல் திறந்தேதான் இருக்கு. மனுஷ இயல்புல இருந்து வர்ற நல்ல விருப்பத்தோட ஒரு பாவி கேட்கும்போது கடவுள் கேட்கிறார், அது நீதியால அல்ல, சுத்தமான இரக்கத்தால என்பது அக்குவைனஸின் பதில். கூடவே நாலு நிபந்தனை வைக்கிறார். தனக்காகக் கேட்கணும். மீட்புக்குத் தேவையானதைக் கேட்கணும். பக்தியோட கேட்கணும். விடாம கேட்கணும். அதே சமயம், பாவத்துல வெற்றி கிடைக்கணும்னு கேட்டா அந்தக் கணக்கு செல்லாதுன்னும் தெளிவாச் சொல்றார்.

இதுல நமக்கு ஒரு சந்தேகம் வரும். பாவத்துல இருக்கிறவனால எப்படிப் பக்தியோட கேட்க முடியும்? அதுக்கும் அவரே பதில் வச்சிருக்கார். நீதிமான்ங்கிற குணம் இல்லாத ஒருத்தர்கூட ஒரு நீதியான காரியம் நடக்கணும்னு விரும்ப முடியும். அதே மாதிரி, பக்தி குணமா வேரூன்றாதவரும் பக்திக்குரிய ஒன்றைக் கேட்க முடியும். கேட்கிற ஆள் அழுக்கா இருந்தாலும், கேட்கிற பொருள் சுத்தமா இருக்கலாம்.

திருச்சபை கண்டித்த கருத்து

இது ஒரு அறிஞரோட தனிக் கருத்து மட்டும்தானான்னு கேட்டா, இல்லை. பிரான்சில் பாஸ்கியே கெனெல் என்ற குருவானவர் இருந்தார். ஜான்சனிச இயக்கத்தைச் சேர்ந்தவர். அவருடைய நூலிலிருந்து 101 கருத்துகளை எடுத்து, 1713-ல் திருத்தந்தை 11-ஆம் கிளமெண்ட் கண்டனம் செய்தார். 59-ஆவதாக வருவது நம்ம கேள்விக்கு நேர் சம்பந்தப்பட்டது. தீயவர்கள் செய்யும் செபம் இன்னொரு புதுப் பாவம், அவர்களுக்குக் கடவுள் எதையாவது கொடுத்தால் அதுவும் அவர்கள்மேல் வரும் புதுத் தண்டனைத் தீர்ப்பு என்பது அந்தக் கருத்து.

வாய்ஸ் நோட்ல கேட்ட அந்தப் பயத்தையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. நான் கேட்டா எதிராப் போயிடுமோங்கிறது கிட்டத்தட்ட கெனெலோட வாக்கியம்தான். பார்க்கப் பணிவு மாதிரி இருக்கும், ஆனா திருச்சபை 300 வருஷத்துக்கு முன்னாடியே அதை ஏத்துக்கலைன்னு சொல்லிடுச்சு.

அப்போ எதுவுமே இழப்பு இல்லையா?

இருக்கு. பெரிய இழப்புதான், அதை மழுப்பக் கூடாது. அந்த நிலையில நன்மை வாங்கக் கூடாது. பரிபூரண பலன் பெற முடியாது, ஏன்னா கேட்கப்பட்ட செயல்களை முடிக்கும்போதாவது இறையருள் நிலையில் இருக்கணும்னு திருச்சபைச் சட்டம் சொல்லுது. ஏற்கெனவே சொன்ன மாதிரி, செய்ற நல்ல காரியங்களுக்குப் பேறுபலன் கிடையாது. நீதிமானோட மன்றாட்டுக்குத் தனி வலிமை உண்டுன்னு யாக்கோபு திருமுகம் சொல்றதும் நிஜம். நண்பனாப் பேசுறதும், பிரிஞ்சு போனவனா வாசல்ல நின்னு பேசுறதும் ஒண்ணு இல்லை.

அதோட, பாவம் நம்ம பக்கத்துலயும் வேலை செய்யுது. முதல்ல கூச்சம். அப்புறம் தள்ளிப்போடுதல். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வரிசையா நன்மைக்கு எழும்போது தனியா உட்கார்ந்திருக்க ஒரு மாதிரி இருக்கும்னு திருப்பலிக்கே போகாம விடுறது. கடவுள் காதை மூடிக்கிறதுக்கு முன்னாடி, நாமதான் வாயை மூடிக்கிறோம். ஆனா நன்மை வாங்க முடியாத ஞாயிறுகளிலும் திருப்பலிக்குப் போற கடமை அப்படியேதான் இருக்கு. உட்கார்ந்த இடத்திலிருந்து செபிக்கலாம். யாரும் கணக்கெடுக்கலை.

அம்மாவுக்காகக் கேட்பது

இப்போ கஷ்டமான பகுதி. அக்குவைனஸோட நாலு நிபந்தனையில முதலாவது 'தனக்காக' என்பது. அப்போ அம்மாவுக்காகக் கேட்கவே கூடாதான்னா, அப்படி இல்லை. நிச்சயம் கிடைக்கும்ங்கிற உறுதி எதுக்கு இருக்குங்கிறதைத்தான் அவர் அங்கே பேசுறார். ஒரு உடல் குணமாகணும்னு கேட்கிறதுக்கு அந்த உறுதி புனிதர்களுக்கே கிடையாது. தன் உடலில் தைத்த முள் நீங்கணும்னு பவுல் மூணு தடவை கேட்டார். நீங்கலை. கெத்சமனியில இயேசு கேட்ட கிண்ணமும் அகலலை. அதனால ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா அது உங்க தகுதிக்குக் கிடைச்ச சான்றிதழ் இல்லை. வேற மாதிரி முடிஞ்சா அது உங்க பாவத்துக்கு வந்த பில்லும் இல்லை.

யோவான் 9-ஐ இன்னொரு தடவை திறங்க. அந்த அதிகாரம் எப்படித் தொடங்குது? இவன் பார்வையில்லாமப் பிறக்க யார் செய்த பாவம் காரணம், இவனா, இவனைப் பெத்தவங்களா என்று சீடர்கள் கேட்கிறாங்க. இரண்டு பேரும் இல்லைன்னு இயேசு சொல்றார். குடும்பத்துல ஒருத்தருக்கு நோய் வந்தா இன்னொருத்தர் பாவக் கணக்கைத் தேடுற வழக்கத்தை அவர் அங்கேயே நிறுத்திட்டார்.

அதனால அம்மாவுக்காகக் கேளுங்க. தயங்காம கேளுங்க. நம்ம வாயில தினமும் வர்ற 'அருள்நிறை மரியே' செபத்துலகூட, நம்மைப் பாவிகள்னு சொல்லிக்கிட்டுதானே மாதாகிட்ட பரிந்துரை கேட்கிறோம்? அது புனிதர்களுக்கு மட்டும் எழுதின செபம் இல்லை.

பாவசங்கீர்த்தனம் தேவையில்லையா?

இந்த இடத்துல சிலர் சந்தோஷமா, அப்போ செபம் மட்டும் போதும்னு கிளம்பிடுவாங்க. அதுவும் சரியில்லை. பாவியோட செபத்துக்கு ஒரு திசை இருக்கு. அது உறவைத் திரும்பக் கட்டுற திசை. விண்ணப்ப செபத்தோட முதல் அடியே மன்னிப்புக் கேட்பதுதான்னு கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி சொல்லுது, அதுக்கும் உதாரணம் அதே வரிதண்டுபவர்தான். கடவுள்மேல உள்ள அன்பினால வர்ற உத்தம மனஸ்தாபம், சீக்கிரமே பாவசங்கீர்த்தனம் செய்வேன்ங்கிற உறுதியோட சேர்ந்தா, சாவான பாவத்துக்கும் அப்போதே மன்னிப்பு கிடைக்கும். 1551-ல் திரிதெந்து பொதுச்சங்கம் இதைச் சொல்லியிருக்கு. ஆனா அந்த உறுதி அதுல ஒரு பகுதி. அதை வெட்டிட்டு மீதியை வச்சுக்க முடியாது.

பாவத்தை விட மனசே வரலைன்னா? அப்போ அதையே கேளுங்க. ஆண்டவரே, எனக்கு விட மனசில்லை, அந்த மனசைக் கொடுங்கன்னு கேட்கலாம். தனக்காகக் கேட்கிறது, மீட்புக்குத் தேவையானது, பக்திக்குரியது. விடாம கேட்டா நாலு நிபந்தனையும் பூர்த்தி. புனித அல்போன்ஸ் லிகோரி, நேப்பிள்ஸில் வழக்கறிஞரா இருந்து குருவானவர் ஆனவர், 1759-ல் செபத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். வேற எதுக்கும் தெம்பில்லாதவருக்கும் செபிக்கிற அருள் மட்டும் மறுக்கப்படுறதில்லைங்கிறதுதான் அதுல அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்துறது. மற்ற தெம்பெல்லாம் அந்த வழியா வரும்.

இந்த வாரம் செய்யக்கூடியது மூணு. ராத்திரி ஒரு நிமிஷம், மனசில்லைன்னாலும் அந்த ஒரு வேண்டுதல். ஞாயிறு திருப்பலி, நன்மை வாங்க முடியலைன்னாலும். உங்க பங்குலயோ, தெரிஞ்ச முகம் இல்லாத வேற பங்குலயோ பாவசங்கீர்த்தன நேரம் எப்போன்னு விசாரிச்சு காலண்டர்ல போட்டுடுங்க.

வாய்ஸ் நோட் அனுப்பினவருக்கு: உங்க அம்மாவை எங்க செபத்துலயும் வச்சுக்கிறோம். கேட்டுக்கிட்டிருக்கிற நீங்களும் ஒரு அருள்நிறை மரியே சொல்லிடுங்க, எந்த நிலைமையில இருந்தாலும் சரி. அடுத்த வாரம் சந்திப்போம்.