சோளகக் காற்றும் பற்சில்லும்

மன்னார்க் கரையோரமாய்ச் சிலாவத்துறையைக் கடந்து தெற்கே செல்பவர், வில்பத்துக் காட்டை அணுகும் இடத்தில் முள்ளிக்குளத்தை அடைவர். 2007ஆம் ஆண்டில் போரினால் அவ்வூரை விட்டகன்ற குடும்பங்கள் தம் நிலத்துக்காக நெடுங்காலம் போராட நேர்ந்தது. அண்மைக் காலத்தில் அவ்வூரின் பெயர் வேறொரு காரணத்தாலும் பேசப்பட்டது. அங்கே 100 மெகாவாற் காற்றாலைத் தொகுதி ஒன்றை நிறுவ இலங்கை மின்சார சபை கேள்விப்பத்திரம் கோரியதே அக்காரணம்.

நேயர்களுட் பலர் காற்றாலையின் இறக்கைகளைக் கண்டிருப்பர்; அவற்றின் பின்னே கூட்டினுள் மறைந்திருக்கும் பற்சில்லுகளைக் கண்டவர் சிலரே. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனிக் காற்றாலைகள் முப்பதும் ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற் ஆற்றலுடையவை. இறக்கைகள் வரையும் வட்டத்தின் விட்டம் 126 மீற்றர். இத்துணைப் பெரிய சக்கரம் விரைந்து சுழல இயலாது. நிமிடத்திற்குப் பன்னிரண்டு, பதின்மூன்று சுற்று அளவிலேயே சுழலும். மின்பிறப்பாக்கிக்கோ ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்று வேண்டும். இவ்விரண்டையும் இசைவிப்பது பற்சில்லுப் பெட்டி.

சுழற்சி மெதுவாயின் முறுக்குவிசை பெருகும். மேற்கூறிய ஆற்றலையும் வேகத்தையும் கொண்டு கணக்கிட்டால், ஒரு மீற்றர் நீளமான நெம்புகோலின் நுனியில் 250 தொன்னுக்கு மேற்பட்ட பாரத்தைத் தொங்கவிட்டதற்கு அது ஒப்பாகும். ஓரிணைப் பற்கள் இதனைத் தாங்கமாட்டா. ஆகவே நடுவே ஒரு சில்லு, அதனைச் சூழக் கோள்களைப் போல மூன்றோ அதற்கு மேலோ சில்லுகள், வெளியே உட்புறம் பல்வெட்டிய வளையம் என அமைத்துச் சுமையைப் பங்கிடுவர். பற்களைச் சரிவாக வெட்டும்போது, ஒரு பல் விலகுமுன் அடுத்த பல் படிப்படியாகப் பாரத்தை ஏற்கும்.

அப்பற்களுக்கு ஏற்ற உருக்கு எது? கடினம் ஒன்றே போதுமெனின் அரத்தின் உருக்கே சாலும். ஆனால் சோளகம் சீறியடிக்கும் வேளையில் அது அதிர்ச்சி தாளாது முறியும். மென்மையான உருக்கோ விரைவில் தேயும். எனவே நிக்கல், குரோமியம், மொலிப்தனம் கலந்த, காபன் குறைந்த உருக்கில் பல்லை வெட்டி, மேற்றோலுக்கு மட்டும் காபனை ஊட்டிச் சூடேற்றி எண்ணெயில் தோய்ப்பர். கொல்லர் கத்திக்குத் தோய்ச்சல் இடுவதும் இவ்வகையினதே. புறத்தே அரம் போன்ற கடினமும் அகத்தே வளைந்துகொடுக்கும் தன்மையும் அப்பல்லுக்கு வாய்க்கின்றன.

கோபுரத்தின் உருக்கு வேறு. தடித்த தகடுகளை வளைத்து வெல்டிங் செய்தே அதனை ஆக்குவர். காபன் மிகுந்தால், வெல்டிங் ஓரம் குளிரும்போது கண்ணாடிபோல் நொறுங்கும் இயல்பை அடையும். ஆதலால் அங்கும் காபன் குறைந்த உருக்கே வேண்டும். கடற்கரையில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெல்டிங் குச்சியின் பூச்சு காற்றின் ஈரத்தை உறிஞ்சினால், அதனின்று பிரியும் ஐதரசன் உருக்கினுட் புகுந்து, வேலை முடிந்து ஓரிரு நாள் கழிந்த பின்னர்கூட விரிசலை உண்டாக்கக்கூடும். ஆதலால் குச்சிகளை அடுப்பில் உலர்த்தி, சூடு ஆறுமுன் பயன்படுத்துவர்.

படகு இயந்திரத்தின் பற்சில்லில் ஒரு பல் உடைந்தால், அதனை வெல்டிங்கினால் நிரப்பி அராவிப் பூட்டிவிடும் எண்ணம் எழுவது இயல்பு. அதனைக் குறைகூறுவது எளிது. தொழிலுக்குப் போகாத நாளில் அடுப்பு எரியாத வீட்டின் இடர் கூறுவோர்க்குத் தெரிவதில்லை. ஆயினும் பல்லின் மேற்றோலிலுள்ள காபன் வெல்டிங் உருகலிற் கலந்தால் அவ்விடம் நொறுங்கும். சூட்டினால் பக்கத்துப் பற்களின் தோய்ச்சலும் இளகும். பற்சில்லு மறுமுறை உடைவது நடுக்கடலிலாக இருக்கலாம்.

காற்றாலையில் இவ்வகை ஒட்டுவேலைக்கு இடமே இல்லை. உடைந்த பெரிய சில்லை மாற்றுவதற்குப் பாரந்தூக்கி வரவேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் அதனை உயர்த்துவது ஆபத்து. மின்சாரம் மிகுதியாய் விளைவதும் அம்மாதங்களிலேயே. எனவே பழுதை முன்கூட்டியே அறிதல் வேண்டும். படகு இயந்திரத்தின் ஒலிகொண்டே குறையறியும் கரையோர இளைஞர்க்கு, தக்க பயிற்சி கிடைப்பின், இது எட்டாத வித்தையன்று. அப்பயிற்சியை ஒப்பந்தம் எழுதும்போதே கேட்டுப் பெறவேண்டும். பெட்டியிலிருந்து சிறிது எண்ணெயை எடுத்து, அதிலுள்ள உலோகத் துகள்களை ஆராய்வர். பழுது பெரும்பாலும் பற்களிலன்றி, அச்சுகளைத் தாங்கும் தாங்கிகளிலேயே தொடங்கும். தாங்கியின் உருக்கு பெரும்பாலும் குரோமியமும் மிகுந்த காபனும் கொண்டது. துகளில் நிக்கல் கூடியிருப்பின், தேய்வது பல்லென்று ஐயுறுவர்.