தந்தியும் காந்தமும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

கே. எஸ். நாராயணசுவாமி அவர்கள் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் வீணை பயிற்றுவித்த நகரம் இது. ஸ்ரீவராகத்தில் உள்ள என் இல்லத்திலும் ஒரு வீணை உண்டு. மறைந்த என் துணைவியாருடையது. இன்று அவ்வீட்டு மாடியில் ஒலிப்பதோ என் பேரனின் மின்சாரக் கிதார்.

ஒருநாள் அவன் அதைப் பிரித்துக் கம்பிகளை மாற்றிக்கொண்டிருந்தான். “நல்ல கருவியைப் பாழாக்குகிறாயே!” என்று கடிந்தேன். “சற்றுக் கேளுங்கள், தாத்தா” என்றான். கேட்டேன்.

கிதாரில் ‘பிக்கப்’ என்றோர் உறுப்பு உண்டு. காந்தத்தைச் சுற்றி, மயிரிழை போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பர். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். அதுவே ஒலிபெருக்கியில் நாதமாகும். குதிரைக்கு அருகிலுள்ள பிக்கப் கூர்மையாகப் பேசும்; கழுத்துக்கு அருகிலுள்ளது குழைந்து பேசும். தந்தி ஒன்றுதான், கேட்கும் இடம் வேறு.

இரண்டையும் சேர்த்தால் புதிய நிறம் தோன்றும். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில் மூன்று பிக்கப்கள் இருந்தன. ஒரு நேரத்தில் ஒன்றே ஒலிக்குமாறு விசை அமைந்தது. கலைஞர்களோ விசையை இடையில் நிறுத்தி, இரண்டை ஒருங்கே ஒலிக்கச் செய்தனர். 1977-இல் அந்நிலைகளையும் சேர்த்து ஐந்து நிலை விசையே வந்துவிட்டது!

இரண்டில் ஒன்றன் இணைப்பை மட்டும் தலைகீழாக்கினால் மந்தர ஒலி பெரிதும் அழிந்து, மூக்கால் பாடுவது போன்ற மெல்லொலி எஞ்சும். சுருளையும் காந்தத்தையும் சேர்த்து எதிரெதிராக அமைத்தாலோ, மின்சார இரைச்சல் அழியும், இசை நிற்கும். 1955-இல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் செய்த அமைப்பு இது.

நம் இசைக்கும் இவை அயலல்ல. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) இரட்டைத் தந்திகளை விடுத்து, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினில் கமகங்களைப் பேசவைத்தாரன்றோ!

என் மனம் இளகியது கண்டு பேரன் கேட்டான்: “பாட்டியின் வீணையில் வைத்துப் பார்க்கலாமா?” உறையை நானே கழற்றினேன். ஒரு பிக்கப்பை மரத்துண்டின்மேல் உயர்த்தித் தந்திகளுக்கு அடியில் வைத்தான். சாரணியும் பஞ்சமமும் கணீரென்று பேசின. மந்தரமும் அநுமந்தரமும் ஒலிபெருக்கியில் வாய் திறக்கவில்லை! அவை பித்தளை, காந்தம் எஃகை அறியும், பித்தளையை அறியாது. பின்னர் மரத்தின் அதிர்வையே வாங்கும் கருவியைக் குடத்தின்மேல் ஒட்டினோம். நான்கும் பேசின. பல்லாண்டுகளுக்குப் பின் அவ்வீணை ஒலித்தது.

பெரியோர்களே, பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம் பிள்ளைகள் புதியன நாடுவர், தடுக்க வேண்டா. ஆனால் புதுக்கருவியில் எத்தந்தி ஊமையாகிறது என்பதை, அத்தந்தியை முன்பு கேட்டவர்தாம் சொல்ல இயலும். ஆகவே கடிந்து விலகாமல், அவர்கள் அருகில் அமர்ந்து கேட்போமாக.