இறங்கும் தரை: 44 ஆம் ஸ்குவாட்ரனின் கதை



விமானப்படையின் சரக்கு விமானங்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "லாரி சர்வீஸ் பற்றிய சொற்பொழிவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சண்டை விமானத்தைப் பாடப் பலர் இருக்கிறார்கள். சுமைக்காரனைப் பற்றி இன்றைக்கு நான் பேசிவிட்டுப் போகிறேன்.

இந்திய விமானப்படையின் 44 ஆம் ஸ்குவாட்ரன் 1961 இல் ஆன்டோனோவ் 12 சரக்கு விமானங்களுடன் தொடங்கியது. அடுத்த ஆண்டே சீனப் போர் வந்தது. லடாக்கின் சூஷுல், கடல் மட்டத்துக்குமேல் 14,000 அடி. அங்கே டாங்கிகள் வேண்டும். தரைவழி அனுப்ப நேரமில்லை. 1962 அக்டோபர் இறுதியில் சண்டிகரிலிருந்து ஏ.எம்.எக்ஸ் 13 டாங்கிகளை ஆன்டோனோவில் ஏற்றினார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 டன். சக்கரப்பட்டைகள் விமானத்தின் தளத்தைக் கிழித்துவிடாமல் பலகைகளைப் பரப்பினார்கள்.

ஏற்றுவதைவிட இறக்குவதுதான் கடினம். அந்த உயரத்தில் காற்று மெலிந்து கிடக்கும். இறக்கைகளுக்குத் தாங்குவிசை குறையும். ஆகவே சமவெளியைவிட வேகமாக வந்து தரை தொட வேண்டும். வேகம் கூடினால் நிற்க நீண்ட ஓடுபாதை வேண்டும். இன்ஜினும் முழு பலம் தராது. தவறவிட்டால் மறுபடி மேலேறுவது பெரும்பாடு. இத்தனைக்கும் நடுவே டாங்கிகள் சூஷுலில் இறங்கின. சரக்கு விமானியின் திறமையைத் தரையில்தான் அளக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்குப் பொருந்தாத ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1971 போரில் இதே ஆன்டோனோவ்கள் குண்டுவீச்சு விமானங்களாயின. சரக்கு வெளியேறும் பின்கதவைத் திறந்து, குண்டுகளை உருட்டித் தள்ளினார்கள். பாகிஸ்தானின் சாங்கா மாங்கா காட்டிலிருந்த வெடிமருந்துக் கிடங்கு இலக்கானது. ஸ்குவாட்ரனின் தலைவராயிருந்த வசிஷ்ட் மகாவீர் சக்கரம் பெற்றார். லாரி ஓட்டியவருக்கு விருது கிடைக்க, லாரியிலிருந்து குண்டு போட வேண்டியிருந்தது பாருங்கள்!

1985 இல் ஸ்குவாட்ரனுக்கு இல்யூஷின் 76 என்ற சரக்கு விமானம் வந்தது. கஜராஜ் என்று பெயர் வைத்தார்கள், பொருத்தமான பெயர். மூன்றே ஆண்டுகளில் அதற்குப் பெரிய சோதனை வந்தது.

1988 நவம்பர் 3. மாலத்தீவு அதிபர் கயூமின் ஆட்சியைக் கவிழ்க்க, அப்துல்லா லுத்துஃபி என்பவரோடு சேர்ந்து ஆயுதக் குழு ஒன்று தலைநகர் மாலேயில் இறங்கியது. அதிலிருந்தவர்களில் பெரும்பாலோர் இலங்கையின் பிளாட் இயக்கத்துத் தமிழ் இளைஞர்கள். நம் மொழி பேசியவர்கள் கூலிப்படையாய்ப் போன கதை. சொல்லாமல் தாண்டிவிட முடியாது. கயூம் டெல்லியிடம் உதவி கேட்டார்.

கஜராஜ்கள் கிளம்ப வேண்டிய ஆக்ராவிலிருந்து மாலே சுமார் 2,500 கிலோமீட்டர் தொலைவு. இறங்க வேண்டிய ஹுலுலே ஓடுபாதை ஒரு தனித்தீவில் இருந்தது. இரு முனையிலும் கடல். கையில் இருந்ததோ சுற்றுலாப் பயணிகளுக்கான வரைபடம். படைத்தரப்பு பார்த்துக்கொண்டிருந்த படம் தெற்கே வெகுதொலைவிலுள்ள கான் தீவின் ஓடுபாதை! விடுப்பில் டெல்லியிலிருந்த இந்தியத் தூதர் ஏ.கே. பானர்ஜிதான் அந்தத் தவறைச் சுட்டிக்காட்டினார். அவரையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டார்கள். குரூப் கேப்டன் அனந்த் பேவூர் தலைமையில் இரண்டு கஜராஜ்கள், பிரிகேடியர் புல்சாராவின் பராசூட் படையினருடன் அன்று மாலை கிளம்பின. பராசூட்டில் குதித்தால் பாதிப் பேர் கடலில் விழக்கூடும். ஆகவே இரவிலேயே ஓடுபாதையில் இறங்கினார்கள். விடிவதற்குள் கயூம் மீட்கப்பட்டார். கப்பலில் தப்பியவர்களைக் கடற்படை மடக்கியது.

அதே மாலேக்குப் பின்னாளில் வேறொரு சுமையும் போனது. 2014 டிசம்பரில் மாலேயின் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்து ஊர் தண்ணீருக்குத் தவித்தபோது, இந்திய விமானப்படை அங்கே குடிதண்ணீர் கொண்டுபோய் இறக்கியது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விமானப்படையில் சுமை ஏற்றியும் பழுது பார்த்தும் ஓய்வு பெற்றவர்கள் தாம்பரத்திலும் அதைச் சுற்றியும் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்த விருதுப் பட்டியலிலும் இராது. ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள்.