வெட்டி ஒட்டிய இசை



நெதர்லாந்து மின்னிசை என்றதும் முன்வரிசைத் தம்பிகள் டியஸ்டோ பெயரைச் சொல்வார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் வாசித்தவர், பெரிய ஆள்தான். நான் பேச வந்தது அவருக்கு ஒரு தலைமுறைக்கும் மேல் மூத்த இருவரைப் பற்றி: டிக் ராய்மாக்கர்ஸ், டாம் டிசெவெல்ட்.

இருவரும் வேலை செய்த இடம் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் கம்பெனியின் ஆய்வகம். ஆம், நம் வீடுகளில் ரேடியோவாகவும் குழல்விளக்காகவும் இருந்த அதே பிலிப்ஸ்தான். ஐம்பதுகளில் ஜெர்மனியின் கொலோன் நகரிலும் பாரிஸிலும் மின்னிசை பண்டிதர் சொத்து. பாமரன் பக்கத்தில் போக முடியாது. பிலிப்ஸ் ஆய்வகத்தின் ஒலியியல் துறைத் தலைவர் ருலோஃப் வெர்மியூலனுக்கு வேறொரு ஆசை: சாதாரண ஜனம் முணுமுணுக்கும் மெட்டு ஒன்று இந்தக் கருவிகளிலிருந்து வரவேண்டும். அந்த வேலை இளைஞர் ராய்மாக்கர்ஸிடம் வந்தது. 1957-இல் அவர் செய்த பாட்டுதான் ‘சாங் ஆஃப் தி செகண்ட் மூன்’. ‘டிக்’ என்ற தன் பெயரையும் ‘நாட்லாப்’ என்ற ஆய்வகத்தின் பெயரையும் தலைகீழாக்கி ‘கிட் பால்டன்’ என்று புனைபெயரும் சூடிக்கொண்டார். புனைபெயர் விஷயத்தில் நம் எழுத்தாளர்களுக்குச் சளைத்தவர் இல்லை!

“மின்னிசையா? பட்டனைத் தட்டினால் வந்துவிடும்” என்கிறார்களே, அவர்களுக்குச் சொல்கிறேன். தட்டுவதற்குப் பட்டனே இல்லாத காலம் ஐயா அது! மூக் சின்தசைசர் என்ற மின்னிசைக் கருவியே 1964-இல்தான் வருகிறது. இவர்கள் என்ன செய்தார்கள்? ஆசிலேட்டர் என்ற மின்கருவியில் ஒரு சுரத்தை எழுப்பி டேப்பில் பதிய வேண்டும். வினாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும் டேப் என்றால், அரை வினாடி சுரத்துக்கு 19 சென்டிமீட்டர். ஸ்கேல் வைத்து அளந்து பிளேடால் வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் ஒட்டுப்போட்ட இடம் ‘டக்’கென்று காதில் விழும். சாய்த்து வெட்ட வேண்டும். அடுத்த சுரத்துக்கு அடுத்த துண்டு. இப்படி ஒட்டிய டேப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து மறுபடி பதிவு. இத்தனை பாடுபட்டும் கிடைப்பது மூன்று நிமிடத்துக்கும் குறைந்த ஒரு மெட்டு. பட்ட பாட்டின் சுவடு ஓரிடத்திலாவது தெரிகிறதா? இல்லை! குழந்தை துள்ளுவதுபோல் துள்ளுகிறது. என் கணக்கில் அதுதான் மேதைமை.

டிசெவெல்ட் பின்னால் வந்து சேர்ந்தவர். ஸ்கைமாஸ்டர்ஸ் என்ற வானொலி இசைக்குழுவில் பாஸ் வாசித்தவர். ஜாஸ் தாளம் கையில் ஊறியவர். இவர் தாளமும் அவர் நுட்பமும் சேர்ந்து 1959-இல் ‘தி ஃபேசினேட்டிங் வேர்ல்ட் ஆஃப் எலக்ட்ரானிக் மியூசிக்’ என்ற இசைத்தட்டு வந்தது. பாப் உலகின் டேவிட் போவி 2003-இல் தனக்குப் பிடித்த தட்டுகளைப் பட்டியலிட்டபோது இதற்கும் இடம் கொடுத்தார்.

ஆனால் கம்பெனி கம்பெனிதானே? 1960-இல் ஸ்டுடியோவை உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டது. இருவரும் ஆளுக்கொரு திசை. டிசெவெல்ட் 1963-இல் ‘ஃபேண்டசி இன் ஆர்பிட்’ என்ற விண்வெளிக் கற்பனையை வெளியிட்டார். ராய்மாக்கர்ஸ் ஹேக் நகரில் யான் புர்மனோடு சொந்த ஸ்டுடியோ கண்டார். அரச இசைக் கல்லூரியில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தார். துள்ளல் மெட்டுகளை விட்டுக் கடினமான சோதனைகளுக்குள் போய்விட்டார். அவற்றில் சில எனக்குப் பிடிபடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆய்வகப் பதிவுகள் 2004-இல் நான்கு குறுந்தகடுகளாகத் தொகுக்கப்பட்டன. டிசெவெல்ட் 1989-இலேயே மறைந்துவிட்டார். ராய்மாக்கர்ஸ் 2013 வரை இருந்தார். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அந்த இரண்டாம் நிலாப் பாட்டைத் தேடிக் கேளுங்கள். பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால், பாட்டைப் போட்ட பிறகு வருஷத்தைச் சொல்லுங்கள்.