சாணி உருட்டும் வண்டு
(ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிலாளர்களிடையே பேசியது)



சாணி உருட்டும் வண்டைப் பற்றி இன்று நாம் பேசப் போகிறோம். சிரிக்க வேண்டாம். மாட்டுச் சாணத்தை உருண்டையாக்கிப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு போகும் அந்த வண்டைக் கண்டால் நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எகிப்து மணல்வெளியிலும் அந்த இனத்து வண்டுண்டு. ஆனால் அங்கே பழங்கால ஜனங்கள் அதைக் கும்பிட்டார்கள்! சூரியனை உருட்டிவரும் கெப்ரி என்னும் கடவுளின் ரூபம் அதுவே என்றார்கள். செத்தவன் நெஞ்சின்மேல் கல்லால் செய்த வண்டை வைத்தார்கள். எதற்கு? மேலுலக விசாரணையில் அவன் நெஞ்சே அவனுக்கு விரோதமாய்ச் சாட்சி சொல்லாதிருப்பதற்காம்! சாட்சியைக் கலைக்கும் வித்தை அப்பொழுதே இருந்திருக்கிறது பாருங்கள்.

இவ்வண்டில் பெண்ணே கிடையாது, ஆண் வண்டு உருட்டும் உருண்டையிலிருந்தே குஞ்சு பிறக்கிறது என்றும் பழைய நூல்களில் எழுதி வைத்தார்கள். உண்மை எப்படி வெளிவந்தது? ஃபாபர் (1823–1915) என்ற பிரெஞ்சு உபாத்தியாயர் ஓர் ஆட்டுக்காரப் பையனிடம் வண்டைக் கவனிக்கச் சொன்னார். பையன் வண்டு வெளிவந்த இடத்தைத் தோண்டினான். பேரிக்காய் வடிவில் ஒரு சாண உருண்டை அகப்பட்டது. அதன் கழுத்திலேதான் தாய் வண்டு ஒரே ஒரு முட்டை இடுகிறது. புழு அச்சாணத்தைத் தின்று வளர்ந்து வண்டாகிறது. இதில் அற்புதம் எங்கே? அவதாரம் எங்கே? கும்பிட்டவர்களுக்குத் தெரியாதது, தோண்டியவனுக்குத் தெரிந்தது!

அங்கே தெய்வம், இங்கே அருவருப்பு. வண்டு தன் வேலையைத்தான் செய்கிறது. சாணத்தைப் புதைத்து மண்ணுக்கு எருவாக்குகிறது; ஈயைக் குறைக்கிறது. ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் கொண்டுபோன மாடுகளின் சாணத்தைப் புதைக்கத்தக்க வண்டு இல்லாமல் மேய்ச்சல் நிலம் கெட்டது, ஈ பெருகிற்று. 1968 முதல் அயல்தேசத்து வண்டுகளைத் தருவித்து விட்டார்கள்.

அப்படியானால் உயர்வும் இழிவும் வண்டில் இருக்கிறதா, மனிதன் கற்பனையில் இருக்கிறதா? உங்கள் கதையும் இதுதான். தோல் கட்டிய மத்தளத்தைக் கோயிலுக்குள் கொண்டுபோனார்கள். தோலில் கை வைத்தவனை வெளியே நிறுத்தினார்கள். 1950-இல் அரசியல் சட்டத்தின் 17-வது விதி தீண்டாமையை ஒழித்தது. அனேகர் மனத்தில் அது ஒழிந்ததா?

உங்களைக் கும்பிடும்படி நாம் யாரையும் கேட்கவில்லை. கும்பிடு வயிற்றை நிரப்பாது. சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவனுக்குக் கையுறையும் பூட்ஸும், நியாயமான கூலியும், சமமான ஆசனமும் வேண்டும் என்கிறோம். இனி எவனாவது உங்கள் தொழில் இழிவென்றால், அந்த இழிவு எங்கே இருக்கிறது, தோண்டிக் காட்டு என்று கேளுங்கள்!