மிட்டாயை விடுங்க, ரோட்டைப் பாருங்க

ஹாலோவீன் வந்தாலே எங்க நியூ ஜெர்சி வாட்ஸ்அப் குரூப்ல ஒரே பேச்சுதான்: மிட்டாயில விஷம் இருக்குமோ? 1974-ல் டெக்ஸாஸில் ஒரு பையன் அப்படிச் செத்தது நிஜம். ஆனா விஷம் வச்சது பெத்த அப்பனே, இன்ஷூரன்ஸ் பணத்துக்காக.

எனக்கு பயம் கார்தான். 1975 முதல் 2016 வரை அமெரிக்க விபத்துக் கணக்கை அலசின ஆய்வு ஒண்ணு 2019-ல் வந்தது. நடந்து போகிற 4–8 வயசுக் குழந்தைகள் வண்டியில் அடிபட்டுச் சாகிற ஆபத்து, ஹாலோவீன் மாலையில் பத்து மடங்காம்!

மகளுக்கு இந்த வருஷம் சூனியக்காரி வேஷம், முழுக்கக் கறுப்பு. முதுகுல ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டியாச்சு. முகமூடி கிடையாது, பக்கவாட்டுல வர்ற வண்டி தெரியாது, பெயிண்ட்தான். தெருவுல ஒரு பக்கம் முழுசா முடிச்சாத்தான் மறுபக்கம். "எதிர்வீட்ல பெரிய சாக்லேட்ப்பா"ன்னு இழுப்பா. கையை விடமாட்டேன்.